பராமட்டா ஈல்ஸ் ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு போனால் எவ்வளவு ஆகும்? உங்கள் ஆட்ட நாள் வழக்கத்தைச் சொல்லுங்கள்

பெண்டில்ஹில்_அப்பா

எல்லோருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து சிட்னிக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து. பள்ளியில் சேர்ந்த முதல் வாரமே "நீ எந்த டீம்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் சென்னை என்று சொல்ல, அது கிரிக்கெட், ஃபுட்டியில் (இங்கே ரக்பி லீக்கை அப்படித்தான் சொல்கிறார்கள்) எந்த டீம் என்று திரும்பக் கேட்டிருக்கிறார்கள். அன்று முதல் எங்கள் பக்கத்து அணியான பராமட்டா ஈல்ஸின் நீலமும் மஞ்சளும்தான் பேச்சு. பிறந்தநாளுக்கு வேறு எதுவும் வேண்டாம், ஈல்ஸ் ஆட்டத்துக்குக் கூட்டிப்போ என்கிறான்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு மாலை 4:05 ஆட்டம் பராமட்டா ஸ்டேடியத்தில் இருக்கிறது. நால்வரும் போகலாம் என்று நினைக்கிறோம். டிக்கெட் விலை இணையத்தில் தெரிகிறது. எனக்குப் புரியாதது மற்ற செலவு. சாப்பாடு, ஜெர்சி, போக்குவரத்து எல்லாம் சேர்த்தால் உண்மையில் எவ்வளவு போகும்? எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள்? வீட்டுச் சாப்பாடு கொண்டுபோக விடுவார்களா? குடித்துவிட்டுச் சத்தம் போடும் கூட்டத்தில் சின்னப் பெண்ணோடு உட்கார முடியுமா?

ஆட்ட விதிகளும் எனக்கு அரைகுறைதான். மகன் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் தெரியாமல் முழிக்கக் கூடாது என்று ஆசை.

வென்டி_பழையவர்

தம்பி, முதலில் மகனுக்கு என் வாழ்த்து. ஈல் என்றால் நம்முடைய விலாங்கு மீன். பராமட்டா என்ற பெயரே இந்த மண்ணின் தருக் மக்களுடைய மொழியில் விலாங்குகள் கிடக்கும் இடம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அணிக்குச் சும்மா ஒரு மீனின் பெயரை வைக்கவில்லை. இதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

விதி சுருக்கமாக: ஒரு பக்கம் 13 பேர். 40 நிமிடம் இரண்டு பாதி. பந்தை முன்பக்கம் எறியக் கூடாது, பின்பக்கம் அல்லது பக்கவாட்டில்தான். பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்து விழுத்தினால் ஒரு டாக்கிள். ஆறு டாக்கிளுக்குள் எதுவும் நடக்காவிட்டால் பந்து மற்ற அணிக்குப் போய்விடும். அதனால்தான் ஐந்தாவது முடிந்ததும் உதைப்பார்கள். கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் வைத்தால் ட்ரை, 4 புள்ளி. அதன்பின் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. முதல் நாளுக்கு இது போதும், மிச்சத்தை மகனே சொல்லித் தருவான்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது 1989இல். தொழிற்சாலையில் பக்கத்து மெஷினில் நின்றவர்தான் என்னை முதல் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். ஈல்ஸ் 1981, 82, 83, 86 ஆகிய நான்கு வருடம் கோப்பை வென்றது. 1981இல் முதல் கோப்பை வந்த இரவு, கொண்டாட்டம் எல்லை மீறி, ரசிகர்கள் அணியின் பழைய மைதானமான கம்பர்லண்ட் ஓவலின் மர அரங்கையே எரித்துவிட்டார்கள். அதே இடத்தில் கட்டிய ஸ்டேடியத்தை 1986இல் இரண்டாம் எலிசபெத் ராணி வந்து திறந்து வைத்தார். அந்த வருட இறுதியாட்டம் 4-2. இரண்டு பக்கமும் ஒரு ட்ரைகூட இல்லை. எங்கள் பெரிய வீரர்கள் ரே பிரைஸும் மிக் க்ரோனினும் அதோடு ஓய்வு பெற்றார்கள். அதன்பின் கோப்பை இல்லை. 2001, 2009, 2022 மூன்று இறுதியாட்டத்துக்கும் போனேன், மூன்றிலும் தோற்றோம். 2001இல் அரைநேரத்தில் எதிரணி நியூகாஸில் 24-0 முன்னால். கடைசியில் 30-24 வரை வந்தோம். அன்று ரயிலில் யாரும் யாரோடும் பேசவில்லை.

என் வழக்கம் இதுதான். ஞாயிறு ஆட்டம் என்றால் காலையில் மேஸ் ஹில் முருகன் கோயில். அதன்பின் வெஸ்ட்மீட் பக்கமாக வந்து பராமட்டா பூங்காவுக்குள்ளால் நடந்தே ஸ்டேடியத்துக்குப் போவேன். நீலமும் மஞ்சளும் போட்ட ஆட்கள் ஒவ்வொரு பாதையிலிருந்தும் வந்து சேருவதைப் பார்த்துக்கொண்டே நடப்பது எனக்குப் பாதி ஆட்டம். கார் கொண்டுபோவதில்லை.

பல நாள் பெரிய ஆட்டத்துக்கு முன்னால் இரண்டாம் நிலை அணிகள் அல்லது பெண்கள் அணி ஆடும். அதே டிக்கெட்தான். காசு கொடுத்தது ஒரு ஆட்டத்துக்கு, பார்ப்பது இரண்டு. பிள்ளைகளுக்கு இது நல்லது, கூட்டம் சேருமுன் இடம் பழகிவிடும்.

செலவு என்று கேட்டீர்கள். எனக்கு சீசன் டிக்கெட். ஒவ்வொரு அணிக்கும் ஒரு சீசனில் 24 ஆட்டம், அதில் பாதி உள்ளூரில். சில வருடம் ஒன்றிரண்டு உள்ளூர் ஆட்டத்தைத் தூர வடக்கிலுள்ள டார்வின் நகரில் நடத்தியிருக்கிறார்கள். ஆகவே சீசன் டிக்கெட் வாங்குமுன் பராமட்டாவில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். டிக்கெட் போக எனக்கு ஒரு நாளுக்கு இருபது டாலருக்கு மேல் போகாது. ஒரு மீட் பை (மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்டது), ஒரு தேத்தண்ணி. அந்தப் பையை மட்டும் நான் விடமாட்டேன். மேலே தக்காளி சாஸ் ஊற்றி, குளிரில் கையில் வைத்திருந்தாலே போதும்.

பெண்டில்ஹில்_அப்பா

ஐயா, மிக்க நன்றி. விலாங்கு கதையை இப்போதே மகனுக்குச் சொல்லிவிட்டேன்.

ஒரு சந்தேகம். 13 பேர் என்கிறீர்கள். அலுவலகத்தில் இலங்கை நண்பர் ஒருவர் ரக்பிக்கு 15 பேர் என்று அடித்துச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

கண்டி_பையன்

இரண்டும் சரி, ஏனென்றால் இரண்டும் வேறு விளையாட்டு. இலங்கையில் நாங்கள் பார்த்து வளர்ந்தது ரக்பி யூனியன், 15 பேர். கண்டி டிரினிட்டியும் கொழும்பு ராயலும் மோதும் பிராட்பி ஷீல்ட் 1945 முதல் நடக்கிறது, அதுவும் யூனியன்தான். மேற்கு சிட்னியில் எல்லோரும் பார்ப்பது ரக்பி லீக், 13 பேர்.

இரண்டும் பிரிந்த கதை உங்கள் கேள்விக்கு நெருக்கமானது, ஏனென்றால் பிரிந்ததே பணத்தால்தான். வட இங்கிலாந்தில் நெசவாலையிலும் சுரங்கத்திலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை ஆடினால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியை ஈடு செய்து தர அனுமதி வேண்டும் என்று வடக்கு கிளப்புகள் கேட்டன. ஆட்டத்துக்குப் பணமே கூடாது என்று மேலிடம் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடித் தனியாகப் பிரிந்தார்கள்.

சிட்னியிலும் காரணம் அதேதான். காயம்பட்டு வேலைக்குப் போக முடியாத ஆட்டக்காரருக்கு யூனியன் அமைப்பு எதுவும் தரவில்லை. 1907இல் அதைப் பேசக் கூடிய இடங்களில் ஒன்று விக்டர் ட்ரம்பரின் விளையாட்டுப் பொருள் கடை. ஆம், அதே கிரிக்கெட் வீரர் ட்ரம்பர். புதிய லீக் அமைப்புக்கு அவர்தான் முதல் பொருளாளர். 1908இல் போட்டிகள் தொடங்கின.

கூலி வாங்கிக் குடும்பம் நடத்தியவர்கள் தொடங்கி வைத்த ஆட்டம் இது. ஒரு தொழிலாளி குடும்பம் கணக்குப் போட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது என்றால் எனக்கு மனம் கனக்கிறது. நீங்கள் செலவைக் கேட்டதில் தயங்க எதுவும் இல்லை.

மலர்_டூங்காபி

அப்பாக்கள் டிக்கெட்டையும் பழைய கோப்பைகளையும் சொல்லிவிட்டீர்கள். பை சுமக்கிற நான் மிச்சத்தைச் சொல்கிறேன். எங்களுக்கும் இரண்டு பிள்ளைகள், ஆறு வருடமாகப் போகிறோம்.

முதல் தடவை போனபோது எங்களுக்கு 300 டாலருக்கு மேல் போய்விட்டது. டிக்கெட் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வாசலில் இருந்த கடையில் பிள்ளைகள் இருவருக்கும் ஜெர்சி. உள்ளே போனதும் பசி என்று சிப்ஸ், அப்புறம் தாகம் என்று குளிர்பானம், அரைநேரத்தில் மறுபடி ஏதோ ஒன்று. வீட்டுக்கு வந்து வங்கிக் கணக்கைப் பார்த்ததும் இனி டிவிதான் என்று முடிவு செய்தோம். ஆனால் அன்று இரவு தூங்கப்போகும்வரை சின்னவன் ட்ரை போடுவது போலத் தலையணையோடு விழுந்துகொண்டே இருந்தான். அதனால் போவதை விடவில்லை. போகும் விதத்தை மாற்றினோம்.

சாப்பாடு: வீட்டிலிருந்து கொண்டுபோனதை எங்களிடம் ஒருமுறைகூடத் தடுத்ததில்லை. கண்ணாடி, டின், மது மூன்றும் கூடாது. பெரிய பையும் வேண்டாம். விதி மாறலாம், ஆகவே போகும் வாரம் ஸ்டேடியத்தின் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். ஞாயிறு 4:05 ஆட்டத்துக்கு மதியச் சாப்பாட்டை வீட்டிலேயே வயிறாரப் போட்டுவிடுங்கள், இதுதான் பெரிய மிச்சம். பைக்குள் புளிச்சோறோ சப்பாத்தி ரோலோ. வென்டி (வென்ட்வொர்த்வில்) கடையில் மட்டன் ரோல்ஸ் வாங்கிப் போனால் பக்கத்து வரிசையில் இருப்பவர்களே என்ன அது என்று கேட்பார்கள். தண்ணீர்ப் போத்தலை மறக்காதீர்கள். உள்ளே ஒரே ஒரு பொருள் வாங்கித் தருகிறோம் என்று வீட்டிலேயே பேசிவிடுங்கள். எங்கள் வீட்டில் அது ஹாட் சிப்ஸ், மேலே சிக்கன் சால்ட் தூவியது. பிள்ளைகள் அதை எப்போது வாங்கலாம் என்று அவர்களே திட்டம் போடுவார்கள், அரைநேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போனால் வரிசை இருக்காது என்பது வரை.

ஜெர்சி: பெரியவர் அளவு புதிதாக 160 டாலர் பக்கம் வருகிறது, பிள்ளைகளுடையது அதைவிடச் சற்றுக் குறைவு. வருடா வருடம் வடிவம் மாற்றுகிறார்கள். உள்ளூர் ஜெர்சி, வெளியூர் ஜெர்சி, பூர்வகுடி வாரத்துக்குத் தனி ஜெர்சி என்று போய்க்கொண்டே இருக்கும். சீசன் முடிந்ததும் அந்த வருடத்து ஜெர்சி விலை நன்றாக இறங்கும். அக்டோபரில் ஒரு அளவு பெரிதாக வாங்கி வைத்தால் அடுத்த இரண்டு சீசன் தாங்கும். பிறந்தநாள் பரிசு என்பதால் மகனுக்கு இப்போதே புதிது வாங்கினால் தவறில்லை. ஆனால் நால்வருக்கும் வேண்டாம். மகளுக்கு ஒரு கழுத்துத்துணி போதும், கூட்டத்தில் அவளும் சேர்ந்துவிடுவாள்.

இடம்: 2019இல் திறந்த இந்தப் புது ஸ்டேடியத்தில் இருக்கை வரிசைகள் மிகச் செங்குத்து. 30,000 பேர் கொள்ளும் என்றாலும் எங்கிருந்தும் ஆட்டம் கிட்டத்தில் தெரியும். ஆனால் மேல் அடுக்கில் ஐந்து வயதுப் பிள்ளை ஓடினால் நம் நெஞ்சு பதறும். கீழ் அடுக்கு எடுங்கள். மாலை ஆட்டத்தில் கிழக்குப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் நேரே கண்ணில் அடிக்கும், தொப்பி வேண்டும். ஜூன், ஜூலையில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். பகலில் வெயிலைப் பார்த்து ஏமாந்து ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

குடி விஷயம்: குடிப்பவர்கள் இருப்பார்கள், சத்தமும் இருக்கும். குடும்பங்களுக்கென்று மதுவில்லாத பகுதி இருந்தால் டிக்கெட் எடுக்கும்போதே தேர்ந்தெடுங்கள். ஆறு வருடத்தில் ஒரே ஒரு முறை இடம் மாற வேண்டியிருந்தது, பணியாளரிடம் சொன்னதும் உடனே மாற்றித் தந்தார்கள்.

இப்போது எங்களுக்கு டிக்கெட் உட்பட 130 டாலருக்குள் முடிகிறது.

ஹல்_மருத்துவர்

சிட்னி இழையில் இங்கிலாந்துக்காரன் நுழைகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு வருடமாக ஹல் நகரில் இருக்கிறேன். இங்கே நகரத்தை ஹல் ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே கறுப்பு வெள்ளை ஹல் எஃப்சி, கிழக்கே சிவப்பு வெள்ளை ஹல் கேஆர். எந்தக் கரையில் வீடு எடுத்தாய் என்பதிலேயே உன் அணி முடிவாகிவிடும். நான் கிழக்குக் கரை.

எங்கள் ஆட்ட நாள் உங்களுடையதைப் போல இல்லை. வெளியூர் ஆட்டத்துக்கு ரசிகர்கள் கூட்டமாகப் போவார்கள். ஹல், காஸில்ஃபர்ட், லீட்ஸ், ஹடர்ஸ்ஃபீல்ட், வாரிங்டன் எல்லாம் எம்62 நெடுஞ்சாலையை ஒட்டியே கிடக்கின்றன. பேருந்து பேசி, காசு பங்கு போட்டு, வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு போய் இரவே திரும்பிவிடலாம். செலவில் பெரிய பங்கு இந்தப் பயணம்தான்.

சாப்பாடு என்றால் ஹல்லில் பேட்டி. மசித்த உருளைக்கிழங்கில் ஸேஜ் இலை சேர்த்து, மாவில் தோய்த்துப் பொரித்தது. முதல் முறை கடித்தபோது உருளைக்கிழங்கு போண்டா நினைவு வந்து கண் கலங்கியது. சிப்ஸ் மேல் மிளகாய் நிறத்தில் ஒரு பொடி தூவுவார்கள், சிப் ஸ்பைஸ் என்று பெயர், அதுவும் இந்த ஊர்ச் சொத்து. விகன் பக்கம் போனால் பன்னுக்குள் முழு மீட் பையையே வைத்துத் தருவார்கள்.

என் மனதைத் தொட்ட வழக்கம் வெம்ப்ளி சேமிப்பு. சாலஞ்ச் கப் என்ற இங்கிலாந்து ரக்பி லீக் கோப்பையின் இறுதியாட்டம் 1929 முதல் லண்டன் வெம்ப்ளியில் நடக்கிறது, சில வருடங்கள் தவிர. அங்கே போய்வர ரயில், தங்குமிடம் எல்லாம் சேர்த்து ஒரு குடும்பத்துக்குப் பெரிய தொகை. பப்பிலும் வேலையிடத்திலும் வாரா வாரம் சிறிது சிறிதாகக் கட்டிச் சேர்ப்பார்கள் என்று என்னிடம் வரும் முதியவர்கள் சொல்வார்கள். நம் ஊர் தீபாவளிச் சீட்டு போலத்தான். சிலர் தங்கள் அணி இறுதிக்கு வராவிட்டாலும் போவார்கள். 1980இல் ஹல்லின் இரண்டு அணிகளுமே இறுதியாட்டத்துக்குப் போனபோது, ஊரை விட்டு வெளியே போகும் சாலையில் "கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும்" என்று எழுதி வைத்தார்களாம். ஊரே காலி.

2025 சாலஞ்ச் கப் இறுதியில் ஹல் கேஆர் வாரிங்டனை 8-6 என்று வென்றபோது நான் வெம்ப்ளியில் இருந்தேன். 40 வருடத்தில் முதல் பெரிய கோப்பை. அந்த வருடமே விகனை வென்று, இங்குள்ள முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீக் கோப்பையும் எடுத்தார்கள். வென்டி ஐயா, நாற்பது வருடம் காத்திருந்த ஒரு ஊர் அழுததை நான் பார்த்தேன். உங்கள் ஊருக்கும் அது வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வென்டி_பழையவர்

டாக்டர் தம்பி, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நன்றி.

பிளாக்டவுன்_பாந்தர்

நான் மேற்கு சிட்னியின் இன்னொரு அணியான பென்ரித் பாந்தர்ஸின் ரசிகன், 2021 முதல் 2024 வரை நான்கு கோப்பையையும் பார்த்தவன். ஈல்ஸ் அண்ணன்கள் மன்னிக்கவும். கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

பந்தயம். இங்கே பிறந்து வளர்ந்த என் வயதுப் பையன்களின் ஆட்ட நாள் செலவில் பெரிய தொகை இதுதான், யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கைபேசியில் செயலி. யார் முதல் ட்ரை போடுவார், எத்தனை புள்ளி வித்தியாசம், நான்கைந்தைக் கோத்து ஒரே பந்தயம். ஒரு முறைக்கு 10, 20 டாலர்தான் என்று தோன்றும். ஒரு வாரத்தில் எட்டு ஆட்டம் இருக்கிறது.

2023 முடிவில் ஒரு வருட வங்கி அறிக்கையை எடுத்து உட்கார்ந்து கூட்டினேன். என் சீசன் டிக்கெட்டைப் போல மூன்று மடங்கு பந்தயத்தில் போயிருந்தது. திரும்பி வந்ததைக் கழித்த பிறகு. அம்மாவிடம் சொல்லும்போது கை நடுங்கியது. பெட்ஸ்டாப் என்று அரசு நடத்தும் பதிவேடு இருக்கிறது, 2023 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் பெயரைப் பதிந்தால் உரிமம் பெற்ற இணையப் பந்தய நிறுவனங்கள் எதுவும் நம்மைச் சேர்க்க முடியாது. பதிந்தேன். அதன்பின் ஒரு விஷயம் கவனித்தேன். முன்பு பென்ரித் ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே, நான் காசு வைத்தவர் ட்ரை போடவில்லையே என்று கோபமாக இருப்பேன். இப்போது ஆட்டத்தைப் பார்க்கிறேன்.

பெண்டில்ஹில் அண்ணா, உங்கள் மகன் இன்னும் சின்னவன். ஆனால் ஒளிபரப்பு முழுக்க அந்த விளம்பரங்கள் வரும். வீட்டில் ஒருமுறை பேசி வையுங்கள்.

வென்டி_பழையவர்

தம்பி, துணிந்து எழுதினீர்கள். என் பிள்ளைகளுக்கும் வாசிக்கக் கொடுத்தேன்.

குடும்பங்களுக்கு இன்னொரு யோசனை. ஸ்டேடியத்தை ஒட்டியே லீக்ஸ் கிளப் (அணியோடு சேர்ந்த உறுப்பினர் மன்றம்) இருக்கிறது. உறுப்பினர் கட்டணம் மிகச் சிறிய தொகை. சாப்பாடு வெளியிலுள்ள உணவகங்களை விட மலிவு, உட்கார இடமும் உண்டு. ஆட்டத்துக்கு முன் அங்கே சாப்பிட்டுவிட்டுப் போகும் குடும்பங்கள் நிறைய.

மலர்_டூங்காபி

ஐயா, இதில் மட்டும் நான் உங்களோடு உடன்படவில்லை. அந்தச் சாப்பாடு ஏன் மலிவு என்று கேட்டுப் பாருங்கள். நியூ சவுத் வேல்ஸில் 1956 முதல் கிளப்புகளில் சூதாட்ட மெஷின்கள் சட்டப்படி இருக்கின்றன. இன்று மாநிலத்தில் 80,000க்கும் மேற்பட்ட மெஷின்கள். லீக் கிளப்புகள் வளர்ந்ததே அந்த வருமானத்தில்தான். நான் மிச்சம் பிடிக்கும் பத்து டாலரை அடுத்த அறையில் யாரோ ஒருவர் இழந்துகொண்டிருக்கிறார். எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் அப்படி உடைந்தது. கிளப்புக்குப் போகாதீர்கள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். நாங்கள் போவதில்லை.

வென்டி_பழையவர்

நீங்கள் சொல்வது உண்மை, பிள்ளை. அந்தப் பணத்தில் சிறுவர் அணிகளுக்கு மைதானமும் சீருடையும் வருகிறது என்பதும் உண்மை. என் பேரன் ஆடுவது அப்படி ஒரு அணியில்தான். இரண்டையும் சேர்த்து நினைத்தால் எனக்கு விடை கிடைக்கவில்லை.

கண்டி_பையன்

போக முடியாத வாரங்களுக்கு: சாதாரண டிவியில் இலவசமாகவே வாரத்துக்கு மூன்று ஆட்டம் வருகிறது, வியாழன், வெள்ளி, ஞாயிறு. நியூ சவுத் வேல்ஸும் குவீன்ஸ்லாந்தும் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் ஆட்டங்கள் மூன்றும் இறுதியாட்டமும் இலவசம்தான். எல்லா ஆட்டமும் வேண்டுமென்றால் மட்டுமே மாதச் சந்தா. ஆரிஜின் இரவில் எங்கள் வீட்டில் நான்கு குடும்பம் சேரும், கொத்து ரொட்டி ஆளுக்கொரு பங்கு. சிட்னியில் மலிவான ஃபுட்டி இரவு அதுதான்.

வெள்ளி இரவு ஆட்டத்துக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று: 2023 அக்டோபர் முதல் ஓபல் பயண அட்டையில் வெள்ளிக்கிழமையும் வார இறுதிக் கட்டண வரம்புக்குள் வந்துவிட்டது.

பெண்டில்ஹில்_அப்பா

போய்விட்டு வந்தோம்! நேற்றே எழுத நினைத்தேன், குரல் மட்டுமல்ல, கையும் சோர்ந்துவிட்டது.

மலர் அக்கா சொன்னபடி மதியம் வீட்டில் சாம்பார் சாதம். 12:30க்கு ரயில், பராமட்டாவில் இறங்கி சர்ச் ஸ்ட்ரீட் வழியாக நடந்தோம். மகளுக்குக் கால் வலித்தால் லைட் ரயிலில் பிரின்ஸ் ஆல்ஃபிரட் ஸ்கொயர் வரை போகலாம் என்று வைத்திருந்தோம், தேவைப்படவில்லை. வழியில் ஜெர்சி போட்ட முதியவர் ஒருவர் மகனின் ஜெர்சியைப் பார்த்து நின்று, கை நீட்டிக் குலுக்கினார். அவன் அதற்கப்புறம் நெஞ்சை நிமிர்த்தியே நடந்தான்.

முன் ஆட்டத்தின் பிற்பாதியிலிருந்து பார்த்தோம். அங்கேதான் விதிகள் எனக்குப் பிடிபட்டன. டாக்கிள் எண்ணிக்கையை மகன் விரலால் காட்டிக்கொண்டே வந்தான். பெரிய ஆட்டம் தொடங்கியதும், டிவியில் கேட்காத ஒன்று கேட்டது. இரண்டு ஆட்கள் மோதும் சத்தம். என் மனைவி முதல் பத்து நிமிடம் முகத்தை மூடிக்கொண்டாள். இரண்டாம் பாதியில் எழுந்து நின்று கத்தியதும் அவள்தான்.

கணக்கு, கேட்பவர்களுக்கு உதவும் என்பதால்: நால்வர் டிக்கெட் 92. ரயில் போய்வர 18. உள்ளே சிப்ஸ் இரண்டு, எனக்கு ஒரு மீட் பை, மனைவிக்கு ஒரு காப்பி, எல்லாம் சேர்த்து 35. மகளுக்குக் கழுத்துத்துணி 30. மொத்தம் 175 டாலர். மகனின் ஜெர்சி பிறந்தநாள் கணக்கில் தனி. கழுத்துத்துணி இனி வாங்க வேண்டியதில்லை. எனவே அடுத்த முறை 150க்குள் வரும். மீட் பையை நான் விட்டால் இன்னும் குறையும், ஆனால் வென்டி ஐயா சொன்னது இப்போது புரிகிறது. வெளிச்சம் போய்க் குளிர் இறங்கிய நேரத்தில் அதைக் கையில் வைத்திருந்தேன்.

தோற்றோம். மகன் ரயிலில் அழுதான். என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்தபோது எதிரே உட்கார்ந்திருந்த அம்மா, அவரும் நீல மஞ்சள்தான், "அடுத்த வாரமும் இருக்கிறது, கண்ணா" என்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொல்லி ஒரு மிட்டாய் கொடுத்தார். வீடு வந்து சேர்வதற்குள் அடுத்த உள்ளூர் ஆட்டம் எப்போது என்று கேட்டுவிட்டான்.

சீசன் டிக்கெட் பற்றி இப்போது உண்மையாகவே யோசிக்கிறோம். வருடத்தில் ஆறு ஆட்டத்துக்குப் போனால் தனித்தனி டிக்கெட்டோடு கிட்டத்தட்ட சமமாகிவிடும் போலிருக்கிறது. சரிதானா?

வென்டி_பழையவர்

ஆறு என்றால் வாங்கலாம், தம்பி. நான்கு என்றால் தனி டிக்கெட்டே போதும். சீசன் டிக்கெட்டில் ஒரு விஷயம் கணக்கில் வராது: ஒரே இருக்கை. என் இடப்பக்கம் ஒரு லெபனான் குடும்பம், முன்வரிசையில் இரண்டு சகோதரிகள். எல்லோரும் 2019இல் புது ஸ்டேடியம் திறந்த நாளிலிருந்து அங்கேதான். எதிரணி வெஸ்ட்ஸ் டைகர்ஸை 51-6 என்று அடித்த அந்த ஈஸ்டர் திங்கள் அன்று ஒருவரை ஒருவர் தெரியாது, கட்டிப்பிடித்தோம். போன வருடம் எனக்கு இருதய அறுவை நடந்தபோது மூன்று ஆட்டத்துக்குப் போகவில்லை. என் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார்கள்.

எங்கள் வரிசைக்குப் பின்னால் நான்கு இருக்கை அடுத்த சீசனுக்குக் காலியாகும் என்று கேள்விப்பட்டேன். வேண்டுமானால் தனிச் செய்தி அனுப்புங்கள், பகுதி எண் தருகிறேன்.

பெண்டில்ஹில்_அப்பா

அனுப்பிவிட்டேன் ஐயா. மகன் பக்கத்திலேயே நிற்கிறான். அந்த இருக்கை கிழக்குப் பக்கமா மேற்குப் பக்கமா என்று கேட்கச் சொல்கிறான்.